பழசு எடுத்தது

தையல்காரம்மா மூச்சு விடுவதை அவள் மூன்றாம் முறையாக எண்ணினாள். நிமிடத்துக்கு எட்டு. முதல் தடவையும் எட்டு, அடுத்த தடவையும் எட்டு. காலையில் பதினாறு இருந்தது.

கூட நர்சிங் படிக்கும் பெண்கள் அவளுக்கு வைத்த பெயர் சோப்பு; வார்டு சிஸ்டரும் அப்படியே கூப்பிடுவார். ஒரு நோயாளியைத் தொட்டால் மூன்று தடவை கை கழுவுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மருந்துப் பாடத்தில் அவள்தான் முதல். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். உடம்புதான் அவளுக்கு ஆகாது. அதன் ஈரம், வாடை, மடிப்புகளில் சேரும் பிசுக்கு.

தையல்காரம்மாவுக்கு எலும்பு வரை பரவிய புற்றுநோய். வலிக்கு மாத்திரை இல்லை, முதுகில் ஒட்டும் பேட்ச். கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிசு. மூன்று நாளுக்கு ஒருமுறை பழையதை உரித்துவிட்டுப் புதியதை ஒட்ட வேண்டும். தேதியும் ஒட்டியவரின் கையெழுத்தும் அதன் மேலேயே எழுத வேண்டும். சார்ட்டில் இரண்டு கட்டம்: பழசு எடுத்தது, புதுசு ஒட்டியது.

வார்டுக்கு வந்த முதல் நாள் அவளும் ஒழுங்காக ஒன்றை உரித்தாள். அதோடு ஊறிப்போன தோலும் வெங்காயச் சருகு போல வந்துவிட்டது. அடியில் பழுப்பு நிறப் பசை, அதில் இரண்டு முடி, புளித்த வியர்வை நாற்றம். கழுவுதொட்டிக்கு ஓடிப் போய் வாந்தி எடுத்தாள். அதற்குப் பிறகு எதையும் உரிக்கவில்லை. பக்கத்தில் வெறும் இடம் பார்த்துப் புதியதை ஒட்டினாள், இரண்டு கட்டத்திலும் கையெழுத்துப் போட்டாள். உடம்பு துடைத்துவிடும் ஆயாம்மா பார்த்திருப்பாள். மருந்து சமாச்சாரம் நமக்கெதுக்கு என்று விட்டிருப்பாள்.

தையல்காரம்மா மட்டும் தினமும் கேட்டார்.

"முதுகுல என்னமோ ஒட்டிக்கிட்டே இருக்கும்மா. எடுத்து விடேன்."

"ஒண்ணும் இல்லம்மா. தூங்குங்க."

இன்று ஆறாவது பேட்ச் ஒட்டும் நாள். முதுகில் ஐந்து இருக்கிறது. மூன்று நாள் ஆனாலும் பேட்ச் காலியாகாது, பாதி மருந்து உள்ளேயே இருக்கும், அது தோலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் என்று சிஸ்டர் சொன்னதை அவள் நோட்டில் சிவப்பு மையில் எழுதி வைத்திருந்தாள். மருந்து கூடி மூச்சு பத்துக்குக் கீழே போனால் உடனே கூப்பிட வேண்டும், அதை முறிக்கும் ஊசி போட வேண்டும் என்பதும் அதே பக்கத்தில்தான் இருந்தது. கூப்பிட்டால் ஐந்தையும் பார்ப்பார்கள். நாளை மறுநாள் பயிற்சி முடிகிறது. மூன்று வருடப் படிப்பும் போய்விடும். கூப்பிடாவிட்டால் இந்த அம்மா போய்விடுவார்.

மணி மூன்றே முக்கால். நாலுக்கு அந்த அம்மாவின் மகள் வந்துவிடுவாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கால் மணி நேரம் இருந்தது. எல்லாவற்றையும் உரித்துவிடலாம், மூச்சு தானாக ஏறும். கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்தாள்.

சுவர்ப் பக்கம் புரட்டிப் படுக்க வைத்து, மேல்துணியை விலக்கினாள். வெதுவெதுப்பான நாற்றம் முகத்தில் அறைந்தது. முதுகு முழுக்கப் பளபளவென்று வியர்த்திருந்தது. கையுறை போட்ட விரலுக்குப் பேட்ச் ஓரம் அகப்படவில்லை. பசை ரப்பரைப் பிடித்து இழுத்ததில் நுனி கிழிந்தது. கையுறையைக் கழற்றிப் போட்டாள். வெறுங்கையால் தொட்டால் மருந்து உன் தோலுக்குள்ளும் போகும். அதுவும் நோட்டில் இருந்தது, சிவப்பு மையில்.

ஒன்று. நகத்தால் நெம்பியதும் ஈரச் சத்தத்தோடு வந்தது. பசைப் பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டாக மடித்து, பின்னால் தள்ளுவண்டியில் இருந்த ட்ரேயில் போட்டாள். இரண்டு. மூன்று. வாயால் மூச்சு விட்டாள், நாற்றம் நாக்கில் படிந்தது. நாலு. ஐந்து.

ஐந்துதான். ஆனால் ஐந்தாவது இருந்த இடத்தில் இன்னொரு ஓரம் தெரிந்தது.

உரித்தாள். அதிலும் அவளுடைய கையெழுத்து, சுழித்த வாலோடு. தேதி இல்லை. மை இன்னும் காயவில்லை. விரலில் நீலமாக ஒட்டியது.

அதற்குக் கீழே இன்னொன்று. அதிலும் அவள் கையெழுத்து.

"சோப்பு, அங்க என்ன பண்றே?" மேசையிலிருந்து சிஸ்டர் கேட்டார்.

"பேட்ச் மாத்துறேன் சிஸ்டர்."

அவள் குரல் அவளுக்கே தூரத்தில் கேட்டது. நாக்கு தடித்திருந்தது. விரல் நுனிகள் மரத்துவிட்டன. இருந்தும் ஒவ்வொரு பேட்சும் வெதுவெதுப்பாக இருப்பது தெரிந்தது, இப்போதுதான் ஒரு உடம்பிலிருந்து வந்த மாதிரி. பாதியில் விட முடியாது. இன்னும் ஒன்று, அவ்வளவுதான். இன்னும் ஒன்று.

ஏழு. எட்டு. பதினொன்று. அப்புறம் எண்ணிக்கை தப்பிவிட்டது.

முதுகு தாழ்ந்துகொண்டே வந்தது. முதலில் அவள் குனிய வேண்டியிருக்கவில்லை. இப்போது இடுப்பை வளைத்துக் குனிந்திருந்தாள். தோள் எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஓரங்கள். கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஓரங்கள். இரத்தம் இல்லை. பசை. பழுப்புப் பசை, முடி, அவள் கையெழுத்து. உரித்தாள். மடித்தாள். பின்னால் பார்க்காமலே போட்டாள்.

மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. நிதானமாக. நிமிடத்துக்கு எட்டு, குறையாமல். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே தைரியம். உயிர் இருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கடைசிப் பேட்ச் படுக்கை விரிப்போடு ஒட்டியிருந்தது. இழுத்தாள். வந்துவிட்டது.

கட்டிலில் விரிப்பு இருந்தது. தலையணையில் குழி இருந்தது. மேல்துணி தட்டையாகக் கிடந்தது.

மூச்சு கேட்டது.

முன்னால் இல்லை. பின்னால்.

மெதுவாகத் திரும்பினாள். ட்ரே நிரம்பி, தள்ளுவண்டி நிரம்பி, ஒன்றோடு ஒன்று ஒட்டிய குவியல், அவள் இடுப்பு உயரத்துக்கு. மடித்ததெல்லாம் ஓரம் பிரிந்திருந்தது. கடைசிப் பேட்ச் அவள் விரலை விட்டு வரவில்லை. உதறினாள். மறு கையால் பிடித்தாள். அந்தக் கையும் ஒட்டிக்கொண்டது.

திரைக்கு வெளியே செருப்புச் சத்தம். மகளின் குரல். "அம்மா முழிச்சிருக்காங்களா சிஸ்டர்?"

"உள்ளே போய்ப் பாருங்கம்மா. சோப்பு, பழசை எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன் சிஸ்டர்."

பதினைந்து நாளில் முதல் தடவையாக அது உண்மை.

திரையின் வளையங்கள் கம்பியில் நகர ஆரம்பித்தன. குவியல் உப்பியது. ஓரங்கள் எல்லாம் ஈரமாகத் திறந்தன. பிறகு அமுங்கியது.

ஒன்று, என்று எண்ணினாள்.