புரதம் பதினெட்டு கிராம்!

"ஐயோ... கெமிஸ்ட் சார்!"

அந்த அலறலில் பேக்கிங் ஹாலில் முப்பது பெண்களின் கைகள் அப்படியே நின்றன.

லேப் வாசலில் டீ கொடுக்க வந்த சீனியம்மாள் தம்ளரோடு நின்றாள். உள்ளே தரையில் கெமிஸ்ட் ஞானதுரை கிடந்தார். வாயில் நுரை... பக்கத்தில் பாதி தின்ற டிபன் பாக்ஸ். புளிச்சோறு.

அப்போது மணி ஒன்று.

இரண்டு மணிக்கு ஜீப்பை விட்டு இறங்கிய இன்ஸ்பெக்டர் கிருபாபாய் கோபத்தோடுதான் இறங்கினாள். வயர்லெஸ்ஸில் டி.எஸ்.பி. சொன்னது அப்படி.

"பொண்டாட்டி கட்டிக் குடுத்த சோறு. அவளை உள்ள வை. சாயங்காலத்துக்குள்ள முடி!"

பிணத்தின் சூடு ஆறவில்லை. அதற்குள் தீர்ப்பு!

ராஜபாளையம். 1994. புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. கம்பெனிச் சுவரில் ஆள் உயரத்துக்குப் போஸ்டர் சிரித்தது.

'வைகுண்டம் ரெடி சாம்பார் சாதம். கொதிநீர் ஊற்றுங்கள்... ஐந்தே நிமிடம்! நூறு சதம் சைவம். புரதம் பதினெட்டு கிராம்!'

முதலாளி வைகுண்டராஜ் ஓடி வந்தார். நெற்றியில் பளிச்சென்று நாமம்.

"மேடம், லாரி மூணு மணிக்குக் கிளம்பணும். பெருமாள் கோயில் கூட்டத்துக்கு இருபதாயிரம் பாக்கெட்! பேப்பர்ல மட்டும் கம்பெனி பேரு வந்துறக் கூடாது..."

"ஒரு உசுரு போயிருக்கு. உங்களுக்கு லாரிதான் முக்கியமா?"

இந்த ஆள் ஏன் இப்படிப் பதறுகிறார்? கிருபாபாய் அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள்.

டிபன் பாக்ஸை முகர்ந்து பார்த்தாள். எலி மருந்து!

"அந்தப் பொம்பளைதான் மேடம்!" என்றபடி முன்னால் வந்தான் மானேஜர் பால்ச்சாமி. அவனும் நாமம் போட்டிருந்தான். கழுத்தில் துளசி மாலை வேறு. "நான் எதுத்தாப்புல உக்காந்துதான் சாப்பிட்டேன். அவரு வீட்டுச் சோத்தைத் தின்னாரு. நான் நம்ம கம்பெனி பாக்கெட்ல வெந்நி ஊத்தித் தின்னேன். அதான் பொழச்சேன்! புருசன் பொண்டாட்டிக்குள்ள ரொம்ப நாளா..."

"ஏலே! நாக்கு அழுகிப் போகும்லே!"

ஞானதுரையின் மனைவி பரிபூரணம். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து அள்ளி வந்திருந்தார்கள். இரண்டு பக்கமும் பெண் போலீஸ். கண்ணில் ஒரு சொட்டு நீர் இல்லை. நெருப்புதான் இருந்தது.

"அழவே இல்ல பாத்தீங்களா மேடம்!" என்றான் பால்ச்சாமி.

"அவிய முகத்தைப் பாக்க விடாம என்னைக் கொலைகாரிங்கிய... இதுல அழுகை வருமாக்கும்!"

கிருபாபாய் அவளைத் தனியே முதலாளியின் அறைக்குக் கூட்டிப் போனாள். பெஞ்சில் உட்கார வைத்தாள். ஞானதுரையின் சட்டைப் பையில் கிடைத்த துண்டுச் சீட்டை நீட்டினாள்.

"இது அவர் எழுத்தா?"

"அவிய எழுத்துதான்."

'புரதம் 18. சரி. கால்சியம் 60 இருக்கணும். 710 இருக்கு!! எப்படி?'

'எப்படி'க்குக் கீழே பேப்பர் கிழியும்படி மூன்று கோடு.

"இது என்னன்னு தெரியுமாம்மா?"

"நேத்தெல்லாம் இதைச் சொல்லித்தான் கொதிச்சாவ. அரிசியிலயும் பருப்புலயும் இம்புட்டுக் கால்சியம் எங்கருந்துட்டி வரும்னு. இன்னைக்கு மொதலாளிகிட்ட கேக்கப் போறேன்னாவ."

"கால்சியம் எதுல நெறைய இருக்கும்?"

பரிபூரணம் யோசித்தாள்.

"எனக்கு எங்க தெரியும்... நான் முழுகாம இருந்தப்ப நெத்திலிக் கருவாட்டை முள்ளோட திங்கச் சொல்லி உசுரை வாங்குவாவ. முள்ளுலதான் கால்சியம்னு..."

கிருபாபாய் விருட்டென்று எழுந்தாள்.

நூறு சதம் சைவம்!

"கான்ஸ்டபிள்! வெந்நி கொண்டா. ரெண்டு பாக்கெட், ரெண்டு தட்டு. அப்படியே ஸ்டோர்ல இருக்குற சாக்கை எல்லாம் சோதிச்சுப் பாரு. முதலாளியையும் மானேஜரையும் கூப்பிடு!"

ஐந்தே நிமிடம். போஸ்டர் சொன்னது போலவே சாம்பார் சாதம் தயார். பெருங்காயம் மூக்கைத் துளைத்தது.

"சாப்பிடுங்க" என்றாள்.

"எதுக்கு?" வைகுண்டராஜ் குரல் உயர்ந்தது.

"சும்மா... உங்க சரக்கு மேல உங்களுக்கு எம்புட்டு நம்பிக்கைன்னு பாக்கத்தான். ஏன், பயமா இருக்கா?"

அவர் முகம் சிவந்தது. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த பெருமாள் படத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார்.

மாட்டினார் என்று நினைத்தாள் கிருபாபாய்.

"பயமா? எனக்கா?" தட்டை வெடுக்கென்று இழுத்தார். அள்ளி அள்ளி விழுங்கினார். விரலைக்கூட நக்கினார்!

"புரட்டாசி பூரா எனக்கு இதான் மேடம் மத்தியானச் சாப்பாடு! இன்னொரு தட்டுக் குடுங்க. அதையும் திங்கேன்!"

கிருபாபாய்க்குத் தூக்கிவாரிப் போட்டது. இவர் இல்லை! இவருக்குத் தெரியவே தெரியாது!

மெல்லத் திரும்பினாள்.

பால்ச்சாமியின் தட்டில் ஒரு பருக்கை குறையவில்லை. அவன் நாமம் வியர்வையில் கரைந்து மூக்கு வரை வந்திருந்தது.

"நீங்க?"

"வயிறு... வயிறு சரியில்ல மேடம்."

"மத்தியானம் இதைத்தானே தின்னீங்க? அதான் பொழச்சேன்னீங்க?"

"ஆமா... அது..."

"ஒரே ஒரு வாய்."

அவன் பிசைந்தான். உருட்டினான். உதடு வரை கொண்டு போனான். கண் பெருமாள் படத்துக்குப் போனது... உருண்டை தரையில் விழுந்தது.

"இன்னைக்கு வேண்டாம் மேடம்! நாளைக்குத் திங்கேன்... சத்தியமா நாளைக்குத் திங்கேன்!"

"ஏம்லே! கொலை பண்ணலாம், சனிக்கிழமை கருவாடு திங்கக் கூடாதோ?" என்றாள் கிருபாபாய்.

அதற்குள் ஸ்டோரிலிருந்து கான்ஸ்டபிள் ஒரு சாக்கை இழுத்து வந்தார். மேலே 'சோயா மாவு' என்று எழுதியிருந்தது. அவிழ்த்ததும் தூத்துக்குடித் துறைமுகமே அறைக்குள் நுழைந்த மாதிரி வாடை!

"கோழித் தீவனத்துக்குப் போடுற மீன் தூள்ம்மா!" என்றார் கான்ஸ்டபிள்.

பால்ச்சாமி தொப்பென்று தரையில் உட்கார்ந்தான்.

"சோயாவுக்குப் பில்லு போட்டுட்டு... இதைப் போட்டேன். வாடைக்குப் பெருங்காயத்தை அள்ளிக் கொட்டினேன். அந்த மனுசன் முள்ளுக் கணக்கை வச்சுக் கண்டுபிடிச்சுட்டாரு. மொதலாளிகிட்ட சொல்லிருவேன்னாரு. அவரு கை கழுவப் போன நேரத்துல... டிபன்ல..."

பளார்!

அடித்தது போலீஸ் இல்லை. பரிபூரணம்.

"அவிய செஞ்ச வேலையைச் சுத்தமாச் செஞ்சாவ. அதுக்காலே கொன்ன? பழியை எம் மேல வேற போட்ட!"

பளார்! பளார்!

கிருபாபாய் செத்த நேரம் ஜன்னலுக்கு வெளியே லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் விலக்கினாள். பரிபூரணம் அந்தத் துண்டுச் சீட்டைத் தடவிப் பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை உடைந்தது.

வைகுண்டராஜ் சாக்கைப் பார்த்தார். தான் நக்கிய விரலைப் பார்த்தார்.

"தேவுடா! புரட்டாசி பூரா... கருவாடா தின்னேன்?"

போஸ்டரைப் பிய்த்து வந்து பால்ச்சாமியின் முகத்தில் எறிந்தார்.

"துரோகி! இதுல ஒரு எழுத்துகூட உண்மை இல்லாமப் பண்ணிட்டியேடா!"

பால்ச்சாமிக்கு விலங்கை மாட்டிய கிருபாபாய் திரும்பினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். அந்தப் புரதம் பதினெட்டு கிராம்... அது சத்தியமான உண்மை!"