ஃபில்டர் இல்லாத வண்டி

மூன்றாவது பிளக்கைக் கழற்றி வாசல் வெளிச்சத்தில் பிடித்தபோது அதன் முனை வெள்ளியாக மின்னியது.

வெள்ளைத்துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிளக் முனை டீத்தூள் நிறத்தில் இருந்தால் என்ஜின் சரியாக எரிகிறது. கறுத்திருந்தால் பெட்ரோல் கூடுதல், வெளுத்திருந்தால் குறைச்சல். வண்டி வேலை தெரிந்த எவனும் இந்த மூன்று நிறத்துக்கு மேல் சொல்ல மாட்டான். இதுவோ பெருவிரலால் தேய்த்தால் ரேகைக்குள் ஏறி ஒட்டிக்கொண்டது. பட்டாசுக் கம்பெனி நடத்தியவருக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பூச்சட்டிக்குப் போடுகிற அலுமினியப் பொடி.

"ஏலே முனியராஜ்! என்னத்தலே மாட்டி வச்சிருக்க? இது பிளக்கா, மத்தாப்பா?"

மெக்கானிக் முனியராஜ் வெளியே கருவேல நிழலில் குத்தவைத்துக் கார்புரேட்டரில் பெட்ரோல் பீச்சுகிற ஜெட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். எழுந்து வாசல் வரைக்கும் வந்தான். படியைத் தாண்டவில்லை.

"நல்ல பிளக்குத்தான் மொதலாளி. பெட்ரோல்ல என்னத்தையும் கலந்து விக்கிறானோ என்னமோ."

"பெட்ரோல்ல வெள்ளிப்பொடியக் கலக்குற கிறுக்கன் எந்த ஊர்லலே இருக்கான்?"

"அப்பன்னா காத்துலதான் வந்துருக்கணும். ஃபில்டரக் கழத்தாதீகன்னு அம்புட்டு சொன்னேன். நீங்கதான் கழத்தி முள்ளுக்குள்ள எறிஞ்சீக."

"ரேஸ் வண்டிக்கு மூக்குல துணியக் கட்டியா ஓட்டுவாக? பவர் போயிரும்லே."

"பவர் போனாப் போகட்டும் மொதலாளி. இந்த ரூம்ல நின்னா நானே மூக்குல துணியக் கட்டிக்கிருவேன்." சிரித்துக்கொண்டே பைக்கை உதைத்தான். "விருதுநகர் போயி புது பிளக்கு வாங்கியாரேன். சாப்பிட்டு வெயில் தாழ வந்துருதேன். அது வரைக்கும் ஸ்டார்ட் பண்ணிராதீக."

பயந்தாங்குளிப் பயல். வெள்ளைத்துரைக்கு அவனைப் பிடிக்காது. யாரைத்தான் பிடிக்கும்? சத்தம் தாங்கவில்லை என்று பிராது சொன்ன தெருக்காரர்களை, காரை வீட்டிலிருந்து கிளப்பச் சொன்ன பெண்டாட்டியை, கார் என்றால் ஏசி போட்டுக்கொண்டு தூங்குகிற பெட்டி என்று நினைக்கிற சிவகாசி முதலாளிமார் அத்தனை பேரையும் அவர் ஒரே தட்டில் வைத்து ஏளனமாகப் பார்த்தார். ஊட்டி எஸ்டேட்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய இரண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார் அது. வெள்ளைத்துரை காலேஜ் படித்த காலத்து வண்டி. என்ஜின் தலையை இழைத்து அமுக்கத்தைக் கூட்டியிருந்தார். பிஸ்டனும் கேம் ஷாஃப்டும் புதுசு. பக்கவாட்டில் இரட்டை கார்புரேட்டர், அதில் வரிசையாக நான்கு அலுமினியக் குழல்கள், நாதஸ்வரத்தின் வாய் போல விரிந்து, காற்றை நேராகக் குடிக்க.

கார் நின்ற இடம் அவருடைய பழைய கம்பெனியின் பேக்கிங் ரூம். சாத்தூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டின் நடுவில். லைசென்ஸ் போனதிலிருந்து சும்மா கிடந்தது. ஒரு தீபாவளி சீசனில் பக்கத்து ரூமில் பற்றிய தீ இங்கே வரவே இல்லை, புகைதான் வந்தது. அதற்கே உள்ளே இருந்த பொம்பளையாட்கள் செத்துப்போனார்கள். நாலு பேரோ அஞ்சு பேரோ. வாசலில் லோடுக்கு அடுக்கிய பெட்டிகள் மறித்தன என்று கேஸில் எழுதினார்கள். பெட்டி மறித்தால் தள்ளிவிட்டு ஓட வேண்டியதுதானே? முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்தால் புகை வழிவிட்டுப் போகுமா? புத்திகெட்ட ஜென்மங்கள் என்று அன்றைக்கே சொன்னார். இன்றைக்கும் அதேதான் சொல்வார்.

போன் அடித்தது. மச்சினன் சிவபாண்டி.

"என்ன மச்சான், வண்டி ஓடுதா? இல்ல, தள்ளுறதுக்கு ஆளக் கூட்டியாரவா?"

"ஏலே, ஞாயித்துக்கிழமை ரேஸ்ல என் பின்னால வந்து பொகை குடி, போதும்."

"நம்ம சொந்தக்காரவுக எல்லாரும் வேன் பிடிச்சு கோயம்புத்தூர் வாராக மச்சான். டிராக்குல நடுவுல நின்னுபோச்சுன்னா அக்கா மூஞ்சிய எங்க கொண்டுபோயி வைக்கும்?"

வெள்ளைத்துரை போனைக் காரின் சீட்டில் எறிந்தார். தீப்பெட்டி மாதிரி புதுக் கார் ஒன்றை வாங்கி, அதில் ஸ்டிக்கர் ஒட்டினால் ரேஸ் என்று நினைக்கிற பயல். அவனிடம் தோற்றால் இனி ஒரு கல்யாண வீட்டிலும் உட்கார முடியாது. வேன் நிறையச் சிரிப்பார்கள். இன்றைக்கே கார்புரேட்டரைச் சரிக்கட்டியாக வேண்டும். வெயில் தாழக் காத்திருக்க அவர் என்ன முனியராஜின் வேலைக்காரனா?

முனியராஜ் கழுவி வைத்த ஜெட்டுகளைப் பூட்டினார். பிளக்குகளைத் துணியால் துடைத்து முறுக்கினார். சாவியைத் திருப்பினார்.

பிடித்துக்கொண்டது. ரேஸ் கேம் ஷாஃப்ட் போட்ட என்ஜின் மெதுவாக ஓடும்போது நொண்டும், திணறும், அது தெரிந்ததுதான். ஆனால் இப்போது அந்தத் திணறலுக்குள் ஈரமாக ஒரு இளைப்பும் சேர்ந்து, தகரக் கூரையில் முட்டி, பூச்சு பெயர்ந்த சுவரில் உரசி, சளி கட்டிய நெஞ்சிலிருந்து வருவதுபோலக் கேட்டது. பெட்ரோல் வாசனைக்கு அடியில் மைதாப் பசை வாசனை அடித்தது. வாடிய கனகாம்பரத்துக்கும் தலைக்கு வைத்த எண்ணெய்க்கும் நடுவில் ஏதோ ஒரு வாசனை. தரையில் மூலைமுடுக்கெல்லாம் கிடந்த சிவப்பு, பச்சைக் காகிதத் துணுக்குகள் ஒவ்வொன்றாக நகர்ந்து காரை நோக்கி வந்தன. காற்றில்லாத மத்தியானம். வெளியே ஒரு கருவேல இலைகூட அசையவில்லை.

இழுவை நன்றாக இருக்கிறது, அதான் காகிதம் வருகிறது என்று நினைத்துக்கொண்டார். சாவியைத் திருப்பி அணைத்தார்.

என்ஜின் நிற்கவில்லை.

அதுவும் அவருக்குத் தெரியும். அமுக்கம் கூடின என்ஜினில் உள்ளே கரி சிவந்து கிடந்தால், சாவியை எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் தானாக எரியும். முனியராஜாக இருந்தால் இதற்கே இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருப்பான். வெள்ளைத்துரை இடுப்பில் கைவைத்து நின்று பார்த்தார். ஓடியது. பேட்டரி ஒயரைப் பிடுங்கினார். ஓடியது. பெட்ரோல் டியூபைப் பிடுங்கினார். பெட்ரோல் தரையில் ஒழுகிக் காய்ந்தது. ஓடியது. ஓட்டம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. எந்த என்ஜினும் அவ்வளவு மெதுவாகச் சுற்ற முடியாது. ஒரு இழுப்பு. நிறுத்தம். ஒரு இழுப்பு.

வாசல் திறந்துதான் கிடந்தது. பத்தடி தூரத்தில் வெயில். போயிருக்கலாம். ஆனால் ஓடுகிற என்ஜினைப் பார்த்து ஓடினான் என்று ஊரில் ஒரு பேச்சு வந்தால்?

"எதைத் தின்னு எரியுதே நீ? மூச்ச அடச்சா எங்க போவேன்னு பாக்கேன்."

அழுக்குத் துணி இரண்டை எடுத்து முதல் இரண்டு குழலுக்குள் திணித்தார். மற்ற இரண்டின் மேலும் இரண்டு உள்ளங்கையை வைத்து அழுத்தினார். குழல்கள் கையைக் கவ்வின. என்ஜின் ஒரு முறை உதறியது. இன்னொரு முறை.

நின்றது.

முன்னால் என்ஜினின் ஃபேன் தெளிவாக நின்றிருந்தது. இறக்கைகளை எண்ணலாம். பெல்ட் அசையவில்லை. சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறத் தொடங்கியது. வெள்ளைத்துரைக்குச் சிரிப்பு வந்தது. ப்பூ. இவ்வளவுதானா?

கையை எடுத்தார். வரவில்லை.

காலை ஊன்றி இழுத்தார். தோல்தான் இழுபட்டது. நின்றுபோன என்ஜின் எதற்குக் காற்றை இழுக்கிறது?

பிறகு பிடி தளர்ந்தது. உள்ளங்கைக்குள் வெதுவெதுப்பாக, ஈரமாகக் காற்று வந்தது. பெட்ரோல் வாசனை இல்லை. பசித்த வயிற்று வாசனை. அவர் கையை எடுப்பதற்குள் மறுபடியும் கவ்வியது.

ஃபேன் நின்றபடியே இருந்தது.

பக்கத்தில் திணித்த துணிகளைப் பார்த்தார். இரண்டும் உள்ளே குழிந்தன. மெல்லப் புடைத்து வெளியே வந்தன. மறுபடி குழிந்தன. வாயில் துணியைப் பொத்திக்கொண்டு மூச்சு விட்டால் எப்படி இருக்குமோ, அப்படி.

"கூலிக்கு வந்த கழுதைகளா..." என்று ஆரம்பித்தார். பாதியில் குரல் இல்லை. பேசுவதற்கு நெஞ்சில் காற்று இல்லை. இழுத்தார். வரவில்லை.

குழல்கள் மூச்சை விட்டன. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. அவை விட்ட காற்று, அவர் நெஞ்சுக்குள். புகை ருசி. நாக்கில் உலோகப் பொடி.

சீட்டில் போன் மினுங்கியது. சிவபாண்டி. அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

உள்ளங்கைக்கு அடியில், குழலின் உள்பக்கத்திலிருந்து, ஏதோ தொட்டது. மெத்தென்று. சின்னதாக. விரல் நுனி. கையின் மையத்தை லேசாகத் தட்டிப் பார்த்தது, மூடின கதவுக்கு அந்தப் பக்கம் ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. பிறகு இன்னொரு கையிலும்.

வாசலுக்கு வெளியே வெயில் அப்படியே நின்றது. யாரும் இல்லை.

நான்கும் சேர்ந்து இழுக்கத் தொடங்கின. அவசரம் இல்லாமல். துணிகள் குழிந்தன. இன்னும் குழிந்தன. வெள்ளைத்துரையின் வாய் தானாகத் திறந்தது. நெஞ்சு உள்ளே போனது. விலா எலும்புகள் சட்டைக்கு மேல் தெரிந்தன.

விடும் என்று காத்திருந்தார்.

அவை இழுத்துக்கொண்டே இருந்தன.