நபீலாவின் காவின் பத்திரம்

இப்போதைய சனத்துக்கு ஒரு சாமான் காணாமல் போனால் போதும். தன் வீட்டு மூலையைத் தேடமாட்டார்கள்; பக்கத்து வீட்டு வாசலில் போய்க் கத்துவார்கள். முத்தலிப் இதை முணுமுணுத்துக்கொண்டேதான் தங்கை சுபைறாவின் வளவுக்குள் நுழைந்தார். காலை எட்டேகால்.

காணாமல் போனது சுபைறாவின் மகள் நபீலாவின் காவின் பத்திரம், கலியாணப் பதிவுக் காகிதம். கலியாணம் முடித்து இங்கிலாந்தில் இருப்பவள். மனைவி என்று கிடைத்த விசா திங்களோடு முடிகிறது. நீடிக்க மூலப்பத்திரம் வேண்டும். புருசனின் தம்பி பதியுதீன் பத்து மணி வேனில் கொழும்புக்குப் போய், பிளேன் ஏறும் ஒருவரிடம் கொடுக்க ஏற்பாடு. புதுப் பிரதி எடுக்கப் பதிவுக் கந்தோரில் இரண்டு கிழமை செல்லும்.

முத்தலிப் பத்திரப் பையை ஆணியிலிருந்து இறக்கிப் பார்த்தார். சுனாமிக்குப் பிறகு அந்தக் கரையில் எல்லா வீட்டிலும் கதவடி ஆணியில் இப்படி ஒரு பை தொங்கும், பிடுங்கிக்கொண்டு ஓட. காணி உறுதி இருந்தது. கடலில் மவுத்தான சுபைறாவின் மகனின் மரணப் பத்திரம் இருந்தது. காவின் பத்திரம் மட்டும் இல்லை.

"கடைசியா எப்ப கண்ட?"

"போன வெள்ளி. மறுகா பை ஆணியால இறங்கவே இல்ல, காக்கா. நேத்து கடல் வருதெண்டு பொய்க்கத கிளம்பி சனம் ஓடக்குள்ள கதவும் திறந்து கெடந்த. பக்கத்து வீட்டு சுஹைறாதான் எடுத்திருப்பா. அவட மகளுக்குப் பேசின மாப்பிளையத்தானே நாம எடுத்த" என்றாள் சுபைறா அண்ணனிடம்.

வேலிக்கு அப்பால் நின்ற சுஹைறா விடவில்லை. "நான் என்ட பையோட முன்னுக்கு ஓடின மனிசி. வயல் பக்கத்துப் பள்ளிக்கூடத்துல ஒங்கட தங்கச்சிக்குப் பக்கத்துலதான் குந்தியிருந்த. தலகணியக் கட்டிப்பிடிச்சிக்கிட்டு வந்தா. உறங்கவா ஓடி வந்த எண்டு சனம் சிரிச்ச."

முத்தலிப் சிரிக்கவில்லை. "சுபைறா, அந்தத் தலகணியக் கொண்டா."

"அது என்னத்துக்கு?"

"கொண்டா."

ஓரத்தில் புதுத் தையல். பிரித்தார். பஞ்சுக்குள் பொலித்தீன், அதற்குள் பத்திரம்.

"முதல் கடல்ல காகிதமெல்லாம் போய், ஒரு வருசம் கந்தோர் கந்தோரா அலஞ்சவள் நீ. அப்படிப்பட்டவள் நேத்து பைய ஆணியில விட்டுட்டுப் பஞ்சத் தூக்கிக்கிட்டு ஓடின. பையில இருக்கிறத விடப் பெரிசா ஒண்டு பஞ்சுக்குள்ள இருந்திருக்கு. எடுத்தது நீதான்."

சுபைறா முந்தானையால் முகத்தை மூடினாள். "விசா முடிஞ்சா புள்ள வந்திருவாளே எண்டு பார்த்தன். கிழிக்கக் கை வரல்ல, காக்கா."

ஒன்பதரைக்கு, இங்கிலாந்தில் விடியுமுன்னே எழும்பி, நபீலாவே போன் எடுத்தாள். உம்மா அழுதுகொண்டு எல்லாம் சொன்னாள்.

"உம்மா, விசா நீண்டாத்தானே நான் வந்து உங்களக் கண்டுட்டுத் திரும்பலாம்? இல்லாட்டி அவரயும் விட்டுட்டெல்லா வரணும். பெருநாளைக்கு வாறன்."

சுபைறா தன் கையாலேயே பத்திரத்தைப் பதியுதீனிடம் கொடுத்தாள். பிறகு வேலியடிக்குப் போனாள். சுஹைறா அவளைப் பேசவிடவில்லை. "அடுத்தமுற கடல் வந்தா எனக்கும் ஒரு தலகணி கொண்டு வாகா."

பத்து மணிக்கு வேன் கிளம்பியது. சுபைறா மூச்சை விட்டு, "பெருநாளைக்கு வாறாளாம், காக்கா" என்றாள்.

"எந்த வருசத்துப் பெருநாளைக்கெண்டு கேட்டியா?"

செருப்பை மாட்டிக்கொண்டு முத்தலிப் நடந்தார்.