ஆறாவது சொல்

கொடுத்தது ஐந்து சொற்கள். வங்கியில் வேலை பார்க்கும் அந்தப் பெண் ஆறு சொன்னாள்.

"சாவி, மேகம், பாலம், நாற்காலி, குடை... அப்புறம் சுண்டெலி."

எதிரே உட்கார்ந்திருந்த உளவியல் நிபுணர் தலையை மட்டும் ஆட்டினாள். அந்த மருத்துவமனைக்கு வரும் பெரியவர்களின் மனதையும் ஞாபகத்தையும் சோதித்து, இன்ன கோளாறு என்று சொல்வது அவளுடைய வேலை. ஐந்து சொற்களைச் சொல்வாள். வேறு பேச்சுப் பேசி, கடிகாரம் வரையச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது, முகத்தில்கூட எதையும் காட்டக் கூடாது. கொடுக்காத சொல்லை யாராவது சொன்னால் அதை அப்படியே எழுதி வைப்பதுதான் முறை. அவள் எழுதுவதில்லை. ஒரு பெருக்கல் குறி போட்டுவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவாள். வெளியே காத்திருக்கும் கூட்டம் அப்படி.

அன்றும் குறி போட்டாள். போட்ட பிறகுதான் அந்தச் சொல் காதில் விழுந்தது. சுண்டெலி என்பது அவள் தன் மகளைக் கூப்பிட்ட பெயர். வீட்டில் மற்றவர்கள் எல்லாம் ஊரறிய வைத்த பெயரைச் சொல்வார்கள். இது தாயும் மகளும் போர்வைக்குள் காதோடு காதாக வைத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருடமே காய்ச்சல் அந்தக் குழந்தையைக் கொண்டுபோய்விட்டது.

தற்செயல் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். தேற்றிக்கொள்வதில் அவள் கெட்டிக்காரி. மகள் போன பிறகு படங்களை எல்லாம் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள், நினைப்பு வரும்போதெல்லாம் வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். இல்லாவிட்டால் பைத்தியம் பிடித்திருக்கும். அதற்கான பலனும் கிடைத்தது. முதலில் குரல் மறந்தது. போன மாதம், கன்னத்துக் குழி இடது பக்கமா வலது பக்கமா என்று யோசித்துப் பார்த்துத் தெரியாமல், குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கணவரிடம் சொல்லவில்லை. மிச்சம் இருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதுவும் போனால், தான் ஒரு பிள்ளைக்குத் தாயாக இருந்ததற்கு உள்ளே ஒரு தடயமும் இருக்காது என்று பயந்துகொண்டிருந்தாள்.

மதியம் வந்த தையல்காரரும் ஆறாவதாக அதையே சொன்னார்.

கேட்கக் கூடாதுதான். கேட்டுவிட்டாள். "அந்தக் கடைசி வார்த்தைய நானா சொன்னேன்?"

"பின்ன? ரூம்ல வேற யாரு இருக்கா?" என்று சிரித்தார். சிரித்து முடிக்காமல் மேசைக்குக் கீழே ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

தன்னை அறியாமல் தானே சொல்கிறாளா? நோயாளிகளிடம் கேட்கும் கேள்விகளைத் தன்னிடமே கேட்டுப் பார்த்தாள். ஆள் இல்லாதபோது குரல் ஏதாவது கேட்கிறதா? இல்லை. கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவர் மனைவி வெளியே பெஞ்சில் இருந்தாள். மழை இறங்கப்போகும் சாயங்காலம். தாழ்வாரத்தில் பினாயில் வாசனையைக் கிளப்பிவிட்டுக்கொண்டு ஒரு தள்ளுவண்டி கிறீச் கிறீச்சென்று தூரத்துக்குப் போய் ஓய்ந்தது, அது ஓய்ந்த பிறகுதான், மேசைக்கு அடியில் யாரோ கையால் வாயைப் பொத்திக்கொண்டு மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது என்று அவளுக்கு உறைத்தது. கூடவே ஒரு வாசனை. விளையாடிவிட்டு வந்த பிள்ளையின் வியர்த்த தலைமுடி வாசனை.

"நான் சொன்ன வார்த்தைங்க ஞாபகம் இருக்கா ஐயா?"

"ஒண்ணும் இல்லம்மா. சுண்டெலி மட்டும்தான்."

"அத யாரு சொன்னாங்க?"

"பாப்பாதான். உங்க காலக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்கே." தயங்கினார். "அம்மா என்னை மறந்துக்கிட்டே வர்றாங்க, நீங்களாவது ஞாபகம் வச்சுக்கங்கன்னு சொல்லுது. வர்றவங்க எல்லார்கிட்டயும் கேக்குது போல. போயும் போயும் என்கிட்டயும் கேக்குது பாருங்க."

அவள் குனியவில்லை. குனிய முடியவில்லை. கணுக்காலைச் சுற்றி ஒரு குளிர் இறுகியது. அவர் எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது.

கூப்பிட்டால் குழந்தை வெளியே வரும். வாயைத் திறந்தாள்.

அந்தப் பெயர் வரவில்லை.

தாழ்வாரத்துக்கு ஓடினாள். "ஐயா, இப்ப என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களே, அது என்ன?"

அவர் மனைவியைப் பார்த்தார். "நான் என்ன சொன்னேன்?"

"காலைல சாப்பிட்டதே இவருக்கு நெனப்பு இருக்காது. விடுங்கம்மா," என்றாள் அந்த அம்மாள், ஆறுதலாக.

திரும்பி ஓடி வந்து தாள்களைப் புரட்டினாள். வங்கிப் பெண்ணுக்கு ஒரு பெருக்கல் குறி. தையல்காரருக்கு ஒரு பெருக்கல் குறி. டிரைவருக்கு அதுவும் இல்லை.

விளக்கைப் போடத் தோன்றவில்லை. நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள். மழை பிடித்துக்கொண்டது. இருட்டியது. மடியில் ஒரு கனம் ஏறி உட்கார்ந்தது.

"இப்ப சொல்லும்மா. என்னென்ன ஞாபகம் இருக்கு?"

அது யார் குரல் என்றுகூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

"சாவி," என்றாள். சின்ன விரல்கள் அவளுடைய இடது கட்டைவிரலை மடக்கின. ஜில்லென்ற, ஈரமான விரல்கள்.

"மேகம்." ஒன்று மடங்கியது. "பாலம்." "நாற்காலி." "குடை."

கை முழுதும் மடங்கிவிட்டது.

"இன்னும் ஏதாவது ஞாபகம் வருதா?"

"முதல் எழுத்தையாவது சொல்லு கண்ணு," என்று கெஞ்சினாள். "ஒரே ஒரு எழுத்து."

எடுத்துக் கொடுக்கக் கூடாது.

சின்னக் கை நகர்ந்தது. அவளுடைய வலது கட்டைவிரலைத் தேடிப் பிடித்தது. பிடித்துக்கொண்டு, மடக்காமல், காத்திருந்தது.