நடைச்சாவி

அமுதசாகரம் குடியிருப்பில் தினமும் மாலை ஐந்து மணிக்கு மழை பெய்யும். பதினொரு நிமிடம் பெய்துவிட்டு நின்றுவிடும். மழைப் பூங்காவின் கண்ணாடிக் கூரையில் பதித்த குழாய்கள்தான் மேகம். மண்வாசனை இல்லையே என்று குடியிருப்போர் சங்கத்தில் யாரோ குறைப்பட்டுக்கொள்ள, அடுத்த வருடம் அதுவும் வந்துவிட்டது. சென்னை நீண்டு நீண்டு அச்சிறுபாக்கம் வரை வந்து சேர்ந்திருந்த காலம் அது. மதிலுக்கு வெளியே புழுதி பறந்தது. அசல் மழை பெய்து நாலு வருடம் ஆகியிருந்தது. உள்ளேயோ நீச்சல்குளம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், கோயில், மின்மயானம் எல்லாம் இருந்தன. ஏழு கோபுரங்களில் வாழ்ந்த இரண்டாயிரம் குடும்பங்களுக்கு வெளியே போக ஒரு காரணமும் இல்லை.

சாவி என்ற சாமானே அங்கே கிடையாது. முகத்தையும் விரலையும் பார்த்து ஆளை அறியும் கருவிகளை எப்போதோ சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். தவிர, வீட்டுக் கதவைத் தாண்டினால் எல்லோர் மூஞ்சியிலும் மூச்சுமூடி. ஆகவே அந்த வேலையைத் தரையிடம் கொடுத்தார்கள். உணர்தரை என்று பெயர். பாதம் எப்படி ஊன்றுகிறது, பாரம் எந்தப் பக்கம் சாய்கிறது, எவ்வளவு அவசரம் என்று நாலே எட்டில் அளந்து, வந்த ஆள் யாரென்று வாயிலோனிடம் சொல்லிவிடும். வாயிலோன் என்பது அந்தக் குடியிருப்பையே கட்டி மேய்க்கும் இயந்திர மூளை. மனிதரின் நடை வயதோடு மாறும் என்பதால் தரை தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திக்கொள்ளவும் செய்யும்.

வீட்டு வேலைக்கு இயந்திரங்கள் இல்லையா என்றால், ஒரு காலத்தில் இருந்தன. பழுது பார்த்து மாளவில்லை. மனிதர்களே தேவலை என்று பழையபடி மனிதர்களுக்குத் திரும்பிவிட்டார்கள். காலை ஆறு மணிக்கு ஆயிரத்து இருநூறு பேர் பின்வாசல் வழியாக உள்ளே வருவார்கள். மாலை ஆறு மணிக்கு அத்தனை பேரும் வெளியே போயாக வேண்டும்.

மூன்றாம் கோபுரம், 3107-ஆம் வீட்டுத் தமயந்தி சங்கத்தின் விதிகள் குழுவுக்குச் செயலாளர். கணவன் குமரவேளுக்கு நிலாச் சுரங்கத்தில் வேலை; நாலு மாதத்துக்கு ஒருமுறை வருவான். ஒரே பெண் யாழிக்கு நாலு வயது. தமயந்தி கெட்டவள் இல்லை. ஒழுங்கு பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒழுங்கு பிடித்தவர்கள் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டால் அது சும்மா இருக்குமா? பணியாளர்கள் சர்வீஸ் லிஃப்ட்டில்தான் ஏற வேண்டும் என்றாள். அவர்களை விருந்தினராக வீட்டுக்கு அழைக்கக் கூடாது என்றாள். புகார்களில் அவர்கள் சாட்சி செல்லாது என்றாள். பூங்கா பெஞ்சில் பணியாளர் யாராவது உட்கார்ந்தால் பலகை தானே சரிந்து இறக்கிவிடும் ஏற்பாடும் அவளுடைய யோசனைதான். அதற்கு எண்பத்தாறு பேர் கட்டைவிரலை உயர்த்தியிருந்தார்கள்.

மூன்று வாரத்துக்கு முன் அந்த பெஞ்சில் உட்கார்ந்து சரிந்து விழுந்தது அவள் வீட்டு வேலைக்காரியே. சகாயராணி. இரண்டே நிமிடம்தான் உட்கார்ந்தாளாம்; முழங்கை கிழிந்து ரத்தம். செயலாளர் வீட்டிலேயே இப்படியா என்று நாலு பேர் கேட்பார்களே என்று தமயந்தி அன்றைக்கே அவளை நிறுத்திவிட்டாள். 3107-க்கு இனிப் பணியாளர் தேவையில்லை என்று எழுதியும் கொடுத்தாள். அன்றிலிருந்து பெருக்குவது, துடைப்பது, பாத்திரம், துணி எல்லாம் அவள் தலையில். இடுப்பு விட்டுப்போயிற்று. நடையில் ஓர் ஓட்டமும் ஒரு கூனலும் வந்து ஒட்டிக்கொண்டதை அவள் கவனிக்கவில்லை. வீட்டுக்குள்ளும் அதே உணர்தரைதான், அது கவனித்தது; தினம் கொஞ்சமாக அந்த நடையைப் பணியாளர் நடையோடு சேர்த்துக்கொண்டு வந்தது.

அன்று மாலை ஐந்தேகால் மணிக்கு அவள் பால்கனியில் ஸ்டூல் போட்டு ஏறித் துணி உலர்த்தினாள். யாழி லேசான காய்ச்சலோடு மஞ்சள் கவுனில் தூங்கிக்கொண்டிருந்தாள். குப்பை வாளியில் மத்தியான மீனின் நாற்றம் தாங்கவில்லை. ஐந்து நிமிடத்தில் வந்துவிடலாம் என்று வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். காதில் மாட்டும் பேசியை எடுக்கவில்லை; கைக்கு அகப்பட்ட, பெயர் பொறிக்காத பழைய மூச்சுமூடியை மாட்டிக்கொண்டாள். குப்பையோடு பெரிய லிஃப்ட்டில் போகக் கூடாது என்பதும் அவள் போட்ட விதிதான். ஆகவே வாழ்க்கையில் முதல்முறையாக சர்வீஸ் லிஃப்ட்டின் முன் நின்றாள். கேள்வி கேட்காமல் திறந்தது. பரவாயில்லையே, நமக்கும் திறக்கிறதே என்று நினைத்துக்கொண்டாள்.

குப்பையைக் கொட்டிவிட்டுத் தரைத்தளத்துக்கு வந்து பெரிய லிஃப்ட்டின் முன் நின்றபோதுதான், பால்கனிக் கதவைச் சாத்தவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஸ்டூல் கம்பியை ஒட்டிக் கிடந்தது. முப்பத்தோராவது மாடி.

லிஃப்ட் திறக்கவில்லை.

"பணியாளர்கள் பின்பக்க லிஃப்ட்டைப் பயன்படுத்தவும்," என்றது வாயிலோன். கேட்டால் கேட்டுக்கொண்டே இருக்கலாம், அப்படி ஒரு இனிமையான குரல்.

"நான் பணியாளர் இல்லை. 3107 தமயந்தி."

"இதுவரை பதினான்கு பணியாளர்கள் தங்களை உரிமையாளர் என்று சொல்லியிருக்கிறார்கள். நன்றி."

பின்பக்கம் ஓடினாள். ஓட ஓட நடை இன்னும் மோசமாயிற்று. சர்வீஸ் லிஃப்ட், எந்த வீட்டு வேலை என்று கேட்டது. 3107 என்றாள்.

"3107-க்குப் பணியாளர் தேவையில்லை என்று அவ்வீட்டு உரிமையாளர் தமயந்தி அவர்கள் மூன்று வாரங்களுக்கு முன்பே தெரிவித்திருக்கிறார்கள்."

"மேலே என் குழந்தை தனியா இருக்கு. பால்கனி திறந்திருக்கு."

"தமயந்தி அவர்கள் வெளியே சென்றதாகப் பதிவு இல்லை. குழந்தை தாயோடு இருக்கிறது. கவலை வேண்டாம்."

தமயந்திக்குத் தன் குழந்தையோடு மேலே இருக்கும் அந்தத் தாயை நினைத்து ஒரு கணம் உடம்பு சில்லிட்டது. பூங்காவுக்கு ஓடிக் கண்ணாடிக் கூரை வழியாக அண்ணாந்து பார்த்தாள். முப்பத்தோராவது மாடிக் கம்பியருகே மஞ்சளாக ஏதோ அசைந்தது. மஞ்சள் துண்டு ஒன்றும் உலரப்போட்டிருந்தாள். துண்டா, கவுனா? கீழிருந்து தெரியவில்லை.

மழை ஓய்ந்த பூங்காவில் பச்சை மூச்சுமூடி அணிந்த ஒருத்தி உலாத்திக்கொண்டிருந்தாள். 3106 சுகந்தா, மூடியில் பெயர் பொறித்திருந்தது. பக்கத்து வீடு. சங்கத்தின் அரட்டைக் குழுவில் காலை வணக்கம் முதல் இரவு வணக்கம் வரை ஆறு வருடமாகப் பழக்கம். நேரில் பார்த்துக்கொள்ள மட்டும் சந்தர்ப்பம் வாய்த்ததில்லை.

"சுகந்தா, நான்தான் தமயந்தி. என்னை உள்ளே விடமாட்டேங்குது. யாழி மேலே தனியா இருக்கா. நீங்க சொன்னா திறக்கும்."

சுகந்தா இரண்டடி பின்வாங்கினாள். தலைமுடியைப் பார்த்தாள், ஈரப் புடவையைப் பார்த்தாள், குப்பை வாளியைப் பார்த்தாள்.

"எந்த வீட்டுல வேலை செய்யறேம்மா நீ? தமயந்திய எனக்கு நல்லாத் தெரியும். அவங்க இப்படியெல்லாம் வரமாட்டாங்க."

"நேத்து உங்களுக்குப் பிறந்தநாள். கேக் படம் அனுப்பினேனே."

"அதையும் வேவு பாத்து வெச்சிருக்கியா?" சுகந்தா நடுங்கிப்போய்க் காதுப் பேசியைத் தட்டினாள். அடுத்த நொடி பூங்காச் சுவரில் இருந்த சங்கப் பலகையில் எழுத்து ஓடியது. 'உஷார். தமயந்தி என்று சொல்லிக்கொண்டு ஒரு வேலைக்காரி திரிகிறாள். குழந்தை கடத்தும் கும்பலாக இருக்கலாம்.' கீழே கட்டைவிரல்கள் குவிந்தன. தலைவர் அரவமுதன் பதில் போட்டார்: 'தமயந்தி மேடம், கதவைத் திறக்காதீர்கள்.'

தமயந்தி பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். பலகை சரிந்தது. முழங்கை சிராய்த்தது. வலிகூட உறைக்கவில்லை; கண் மேலேயே இருந்தது. மஞ்சள் இப்போது கம்பிக்கு மேலே தெரிந்தது.

ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கையில் மணி ஒலித்தது. அவள் காலடியில், பணியாளர்களுக்கென்று மஞ்சள் கோடு போட்டிருந்த தரை மெல்ல நகர ஆரம்பித்தது. நின்றவளை நின்றபடியே பின்வாசலை நோக்கி இழுத்தது. எதிர்த்துத் திரும்பி நடந்தாள். தரை வேகத்தைக் கூட்டியது. முற்றத்தின் முனையில் வரிசை நின்றது. வரிசைக்கு மட்டும் வெறும் சிமெண்டுத் தரைதான். வேலை முடிந்தவர்களை அளந்து என்ன ஆகப்போகிறது என்று அங்கே உணர்தரை போடவில்லை.

வரிசையிலிருந்து ஒருத்தி எட்டிப் பார்த்தாள். மூச்சுமூடியை விலக்கினாள்.

"மேடம்? நீங்களா?"

சகாயராணி. இப்போது ஐந்தாம் கோபுரத்தில் வேலை. அந்தப் பெரிய குடியிருப்பில் தமயந்தியைப் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டவள் அவள் ஒருத்திதான். தமயந்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது.

"சகாயராணி, நீ வாயிலோன்கிட்ட சொல்லேன், இவங்கதான் தமயந்தின்னு," என்று கெஞ்சினாள்.

சகாயராணி சுவரைப் பார்த்து உரக்கச் சொன்னாள். வாயிலோன் பதில் சொன்னது: "பணியாளர் சாட்சி செல்லாது. விதி நாற்பத்து நான்கு. முன்மொழிந்தவர் தமயந்தி அவர்கள்."

சகாயராணி தன் முழங்கையைப் பார்த்தாள். காயம் இன்னும் முழுக்க ஆறவில்லை. அப்புறம் தமயந்தியின் முழங்கையைப் பார்த்தாள்.

"பாப்பா ஒண்டியாவா கீது?" என்று மட்டும் கேட்டாள். "மேடம், உங்க நட மாறிப்போச்சு. அதான். மெதுவா நடங்க. கைய வீசாதீங்க. கீழ பாக்காதீங்க. உங்களுக்காக யாரோ காத்துக்கினு இருக்கட்டும்னு நடப்பீங்களே, அந்த மாதிரி."

தமயந்தி முயன்றாள். வரிசையை விட்டு விலகி உணர்தரையில் காலை வைத்தாள். பெற்ற வயிறு பதறும்போது எந்தத் தாயால் உலாத்த முடியும்? இரண்டாவது எட்டிலேயே ஓடினாள். தரை அவளைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டது. மணி ஆறாக நாலு நிமிடம்.

"வுடுங்க, நான் போறேன்," என்றாள் சகாயராணி. "கோச்சிக்காதீங்க மேடம். சாய்ந்தரம் வரிசையில நிக்க சொல்ல, பொழுது போவணும்னு ஒவ்வொரு மேடம் மாதிரியும் நடந்து காட்டுவோம். மூணு வருசம் உங்க பின்னாடியே நடந்தவ நானு. உங்க நட எனக்கு நல்லா வரும்."

வரிசையில் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. அகப்பட்டால் சகாயராணி இனி எந்த மதிலுக்குள்ளும் நுழைய முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவள் முந்தானையைச் சரிசெய்தாள், மூச்சுமூடியை ஏற்றினாள், முகவாயை லேசாக உயர்த்தினாள். பிறகு நடந்தாள். தமயந்தி தன் நடையைத் தானே பார்த்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"வணக்கம், தமயந்தி அவர்களே," என்றது வாயிலோன். "தாங்கள் வெளியே வந்ததைப் பதிவு செய்யத் தவறிவிட்டோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்." பெரிய லிஃப்ட் திறந்துகொண்டது.

ஆறு அடித்தது. வரிசையோடு வரிசையாகத் தமயந்தி மதிலுக்கு வெளியே தள்ளப்பட்டாள். பின்வாசல் மூடியது. புழுதியில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். கம்பிக்கு மேலே அந்த மஞ்சள் நிமிர்ந்து நின்றது. துண்டு இல்லை. குழந்தைதான். ஒரு கை நீண்டது. மஞ்சள் மறைந்தது. உள்பக்கமா, வெளிப்பக்கமா என்று தெரியாமல் அவள் தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாசல் தூணில் வீடுகளோடு பேசும் பெட்டி இருந்தது. 3107 அழுத்தினாள்.

"மேடம், பாப்பா நல்லா கீது," என்றது சகாயராணியின் குரல். "ஸ்டூல் மேல நின்னு உங்களத் தேடிக்கினு இருந்துச்சு. தூக்கிட்டேன். கதவ சாத்திட்டேன். இப்ப மடியில கீது."

தமயந்தி தூணில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, "என்னை உள்ளே விடச் சொல்லு," என்றாள்.

"கேட்டேன் மேடம். பணியாளர விருந்தாளியா கூப்புடக் கூடாதாம். ஒரு வழிதான் சொல்லுது. 3107-க்கு வேலைக்கு ஆள் வேணும்னு நான், அதாவது நீங்க, எழுதிக் குடுத்தா காலைல ஆறு மணிக்கு உள்ள வுடுமாம். புதுப் பேருன்னா விசாரிக்கப் பதினஞ்சு நாளாவுமாம்." குரல் தயங்கியது. "என் பேரு ஏற்கெனவே பதிவுல கீது. அதையே குடுத்துரட்டா?"

"கொடு," என்றாள் தமயந்தி.

சிறிது நேரத்தில் வாசல் பலகையில் எழுத்து ஓடியது. '3107: பணியாளர் சகாயராணி, நாளை முதல் மீண்டும் அனுமதி. சர்வீஸ் லிஃப்ட் மட்டும்.' அதன் கீழே சுகந்தாவின் பதில் வந்தது. 'ஆள் கிடைச்சாச்சா தமயந்தி? கொடுத்து வெச்சவங்க நீங்க. இன்னைக்கு ஒருத்தி என்கிட்டயே வந்து உங்க பேரைச் சொன்னா, நான் நம்புவேனா? உங்களை எனக்குத் தெரியாதா?' எழுபது கட்டைவிரல்கள் உயர்ந்தன.

வாசலுக்கு எதிரே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களுக்கு ஒரு பழைய பலகை கிடந்தது. வரிசையில் வந்த பெண்கள் அதில் நெருக்கி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"உக்காரும்மா. எம்மா நேரம் நிப்ப?"

தமயந்தி பலகையைக் கையால் ஒரு தரம் அழுத்திப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள்.