மிதவையில் கயிறு காய்ந்திருந்தது

ராஸ் பாஸ்கோ போட்ட கூச்சலில் ஹாரோ குடாவே விழித்துக்கொண்டது. காலை ஏழு மணி. படகுத்துறைக்கு நேர் எதிரே அவன் அப்பாவின் 'கர்லூ' படகை எப்போதும் கட்டி நிறுத்தும் மிதவை மொட்டையாக ஆடிக்கொண்டிருந்தது. படகு அரை மைல் தள்ளி, ஆலைக்கரை மணலில் உட்கார்ந்திருந்தது.

காணாமல் போக வேறு நாளா கிடைக்கவில்லை? அன்று பத்து மணிக்குத் துறைமுகக் குழுவின் கணக்கெடுப்பு. படகை விற்றால் மிதவையும் வாங்குகிறவனுக்கே போகும் என்பது அன்றைய சட்டம். ஆனால் கணக்கெடுப்பின்போது படகு அந்த மிதவையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மிதவை குழுவுக்குத் திரும்பி, காத்திருப்போரில் முதல் ஆளுக்குப் போய்விடும். வற்றிப்போன கடலோ மாலைக்கு முன் திரும்பாது. மணலில் கிடக்கும் படகை யார் தூக்குவது?

இது எழுபத்தெட்டாம் வருடம் டாஸ்மேனியாவில் நடந்தது. இப்போது அந்தக் குடாவில் மிதவைகளே இல்லை. பூட்டும் கேமராவுமாகப் படகு நிறுத்துமிடம் கட்டிவிட்டார்கள். சத்தமே கிடையாது. அன்றைய ஞாயிற்றுக்கிழமை மாலைகளை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் என்னவோ செய்கிறது. படகுகள் வரிசையாகத் திரும்பி வரும். பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு புருஷன் "பிடி, பிடி!" என்று கத்துவான். முன்னால் மிதவைக் கயிற்றை எடுக்கக் கொக்கிக் கம்போடு குனிந்திருக்கும் பெண்டாட்டி "முதல்ல நேரா ஓட்டுய்யா!" என்பாள். அந்தச் சண்டை தேவாலய மேடு வரைக்கும் கேட்கும்.

ஸ்டேஷனுக்கு ஒரே ஆள், சார்ஜென்ட் டக்வெல். கடலோரத்தில் வேலை, ஆனால் குளத்தில் படகு ஏறினாலும் அவருக்குக் குமட்டும். துடுப்புப் படகில் மிதவை வரை போய்ப் பார்த்துவிட்டு முகம் வெளுத்துத் திரும்பினார். துறையில் நின்ற ராஸின் அம்மா ஐவி அவர் கையிலிருந்த துடுப்புப் படகின் கயிற்றை வாங்கினாள்.

"குடுங்க இப்படி. நீங்க கட்டினா, படகு உங்களுக்கு முன்னாடி வீடு போய்ச் சேந்துடும்."

கம்பத்தில் இரண்டு சுற்று. மிச்சக் கயிற்றைக் கையில் வளையமாகச் சுருட்டி, கடைசிச் சுற்றை உள்ளே நுழைத்து இழுத்து, மேலே மாட்டினாள்.

"அறுத்துட்டாங்களா?" என்றான் ராஸ்.

"இல்ல," என்றார் டக்வெல். "தேயவும் இல்ல. அவுத்திருக்காங்க. கயிறை அழகாச் சுருட்டி மிதவை மேல மாட்டியிருக்கு. சொட்டு ஈரம் இல்ல. உன் படகுல நங்கூரம்?"

"மணல்ல ஊனியிருக்கு."

"திருடன் நங்கூரமும் போட்டுட்டுப் போவானா?"

"என்னைக் கேட்டா? நோயல் ஷாவைக் கேளுங்க! வரிசையில முதல் ஆள் அவன்தான். என் அப்பா இலையுதிர் காலத்துல செத்ததிலேருந்து அந்த மிதவையை முறைச்சுப் பாத்துக்கிட்டே இருக்கான்."

"படகை யாருக்கு விக்கப் போறே?"

"ஹோபார்ட் டாக்டர் ஒருத்தர். அவருக்கு இடம்தான் வேணும். படகை உடைச்சு விறகாக்கிடுவார். கெழட்டுப் படகு, வேற எதுக்கு ஆகும்?"

ஐவி துறையில் கிடந்த தேநீர்க் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

ரேடியோ பழுதுபார்க்கும் நோயல் ஷா கடையில் உட்கார்ந்திருந்தான். ஊரே அவனைத் திருடன் என்று முடிவு கட்டியாகிவிட்டது.

"பதினோரு வருஷம் காத்திருக்கேன் சார். இப்ப போய் திருடுவேனா? குழு என் பேரை அடிச்சுட்டா நான் செத்தேன்."

டக்வெல் அவன்முன் ஒரு கயிற்றைப் போட்டார். "இதைச் சுருட்டிக் காட்டு."

அவன் சுருட்டினான். பூனை விளையாடிய நூல்கண்டு மாதிரி வந்தது.

பத்து மணிக்கு வந்த குழு, கர்லூவின் மிதவை காலி என்று எழுதிக்கொண்டு போனது. மதியம் டக்வெல் மதுக்கடைக்குப் போனார். சிப்பிக் கறி அடைத்த அப்பம் தின்றுகொண்டிருந்த படகுக்காரர்களிடம் அதே கயிறு சுற்றி வந்தது. ராஸும் முயன்றான். ஒருவருக்கும் சரியாக வரவில்லை.

"மிதவைக் கயிறா? அது என் பொண்டாட்டி டிபார்ட்மென்ட்!" என்றார் ஒருவர். கடையே சிரித்தது. டக்வெல் மட்டும் தன் அப்பத்தைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மாலை ஆறு மணி, ஊர் மண்டபம். மிதவைக்குப் புதிய கட்டணமும், படகு கைமாறினால் மிதவை யாருக்கு என்ற விதியும் முடிவாகும் கூட்டம். டக்வெல் மேடையேறினார்.

"கயிறு தண்ணியில கிடந்தா அடுத்தவன் இயந்திரத்துல சிக்கும். அவசரத்துல கூட அதைச் சுருட்டி மேல மாட்டினது பழகின கை. நோயல் கை அது இல்ல. இங்க இருக்கிற எந்த ஆம்பளை கையும் இல்ல. நீங்க எல்லாம் சுக்கானைப் பிடிச்சுக் கத்துறவங்க. அப்புறம், கடைசிச் சுற்றை உள்ள நுழைச்சு மாட்டுறது. காலையில என் கயிறையும் ஒருத்தர் அப்படித்தான் மாட்டினாங்க. பழக்கம் விடுமா, ஐவி அம்மா?"

ராஸ் திடுக்கிட்டுத் திரும்பினான். ஐவி எழுந்தாள்.

"நான்தான். விடியக்காலை கடல் ஏறியிருந்தப்போ அவுத்து, மெதுவா மணல்ல ஏத்தினேன். ஒரு பலகைகூடக் கீறல. முப்பது வருஷ ஞாயித்துக்கிழமை அது. என் புருஷன் கிளைவ் அதுல எங்கிட்டத் திட்டு வாங்காத நாள் இல்ல. மிதவை போனா டாக்டர் படகை வாங்க மாட்டார். வாங்கலேன்னா உடைக்க மாட்டார். எனக்கு அவ்வளவுதான் வேணும். நோயல், உன்மேல பழி விழும்னு நான் நினைக்கல. மன்னிச்சுக்கோப்பா."

"படகு உன் பேர்ல இருக்கு ராஸ். புகார் குடுக்கிறியா?" என்றார் டக்வெல்.

"அம்மா மேலயா? ஏம்மா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"மூணு தடவை சொன்னேன். நீ விலையைத்தான் கேட்டுக்கிட்டிருந்தே."

புகார் இல்லை என்று டக்வெலுக்குக் கையசைத்துவிட்டு ராஸ் உட்கார்ந்தான்.

அன்றிரவே விதி மாறியது. படகை விற்றாலும் மிதவை கூடப் போகாது, வரிசைக்குத்தான் போகும். கட்டணமும் படகின் நீளத்துக்குத் தக்கபடி. அதுவரை சின்ன மீன்படகும் பெரிய உல்லாசப் படகும் ஒரே தொகை கட்டிக்கொண்டிருந்தன. அநியாயம்தானே? வாக்கெடுப்பில் பெண்கள் பக்கம் ஒரு கைகூடக் கீழே இருக்கவில்லை.

கர்லூவின் மிதவை நோயலுக்கு வந்தது. அவனிடம் படகு இல்லை. கூட்டம் கலையும்போது ராஸிடம் தயங்கித் தயங்கிக் கேட்டு, கர்லூவையே வாங்கிக்கொண்டான். பிறகு ஐவியிடம் வந்தான்.

"எனக்கு ஓட்டவும் தெரியாது, கயிறு பிடிக்கவும் தெரியாதும்மா. நீங்க முன்னாடி நின்னு..."

"முப்பது வருஷம் முன்னாடி நின்னாச்சு. இனிமே நீ போய் நில்லு."

அடுத்த ஞாயிறு மாலை ஊர் மொத்தமும் துறையில் நின்றது. கர்லூ உள்ளே வந்தது. முன்னால் கொக்கிக் கம்போடு நோயல். மூன்று முறை மிதவையைத் தவறவிட்டான். பின்னால் சுக்கானைப் பிடித்தபடி ஐவி கத்தியது தேவாலய மேடு வரைக்கும் கேட்டது.

"பிடிடா, பிடி!"