அளவுக்கு ஒரு ஆள்

உப்பிலி குளித்துவிட்டுக் கிணற்றடியிலிருந்து வந்தபோது பூணூல் வலது தோளில் கிடந்தது. கரண்டியும் கையுமாக சௌந்தரவல்லி அப்படியே நின்றுவிட்டாள். வலது தோளுக்குப் பூணூல் மாறுவது திதி, அமாவாசை அன்றைக்குத்தான், அதுவும் செத்துப்போனவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் விடுகிற அந்தச் சற்று நேரத்துக்குத்தான். அன்றைக்கு மாமனார் திதியும் இல்லை, மாமியார் திதியும் இல்லை, அமாவாசையும் இல்லை. வெறும் வியாழக்கிழமை.

"ஏன்னா, இதென்ன கூத்து? பூணூலைப் பாருங்கோ."

அவர் குனிந்து மார்பைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "சரியாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

சௌந்தரவல்லிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அடுப்பில் சாத்தமுது பொங்கிக்கொண்டிருந்தது, மனுஷர் ராத்திரி முழுக்கத் தகட்டோடு மல்லுக்கட்டிவிட்டுத் தூங்காமல் எழுந்திருக்கிறார், போகட்டும் என்று விட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு அது. அவருக்கு அவள், அவளுக்கு அவர். செங்கல்பட்டு ரயிலடிக்குப் பின்னால் இரண்டு அறையும் ஒரு முற்றமும் உள்ள அந்த வாடகை வீட்டில் இருந்தது அவ்வளவுதான், அது போதும் என்றுதான் இத்தனை வருஷமும் இருந்தாள்.

உப்பிலிக்கு நில அளவை ஆபீசில் வரைபடம் வரைகிற வேலை. வாலிப வயசில் சென்னையில் செப்புத் தகட்டில் படம் செதுக்கக் கற்றுக்கொண்டவர். இந்தக் காலத்தில் யாருக்கு அது வேண்டும்? மயிலாப்பூரில் ஸ்ரீனிவாசராகவன் என்று ஒரு வக்கீல். பழைய வரைபடம் என்றால் அந்த மனுஷருக்கு உயிர். அவர்தான் இந்தத் தகட்டை அனுப்பியிருந்தார். கம்பெனிக்காரன் காலத்துத் தகடு. மேல்பாதியில் கோவளத்திலிருந்து தெற்கே கரையோரப் படம், கீழ்ப்பாதியில் கடல்மல்லை என்கிற மகாபலிபுரத்துக் கரைக்கோயிலும் மணலும் அலையுமாக ஒரு காட்சி. மை தடவிக் காகிதத்தில் ஒற்றி ஒற்றிக் கோடெல்லாம் தேய்ந்துபோயிருந்தது. பழைய கோட்டின் மேலேயே உளியை ஓட்டி மறுபடி ஆழப்படுத்தித் தர வேண்டும்.

அந்தக் காட்சியில், மணலில், ஒரு ஆள் நின்றான். சுண்டுவிரல் உயரம். கையில் அளவுகோல்.

"இவன் எதுக்கு இங்க நிக்கறான்?" என்று அவள்தான் கேட்டாள்.

"அளவுக்கு. இவன் நின்னாத்தான் கோயில் எத்தனை உசரம்னு பாக்கறவாளுக்குத் தெரியும். இல்லேன்னா கோயிலும் ஒண்ணுதான், குருவிக்கூடும் ஒண்ணுதான்." உப்பிலி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "இந்த மூலையில பாரு, வெள்ளைக்காரன் பேரு. வெய்யில்ல நின்னு வரைஞ்சவன் நம்மூர்க்காரன். அவன் பேரு எங்கேயும் இல்லை. தன்னையே நிக்க வெச்சு வரைஞ்சுண்டிருக்கான், பாவம். மூஞ்சிகூட இல்லாம நிக்கறான்."

முகம் இல்லைதான். அது தொழிலில் ஒரு வழக்கம். அளவுக்கு நிற்கும் ஆளுக்கு முகம் வைக்கக் கூடாது, இரண்டு புள்ளியோடு விட்டுவிட வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் கண்டித்துச் சொல்லியிருந்தாராம். உப்பிலி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அந்த வியாழக்கிழமைக்கு முந்தின ராத்திரி முகம் பார்க்கிற கண்ணாடியைச் சுவரில் சாய்த்துவைத்து, அதில் தன்னைப் பார்த்துப் பார்த்து, அந்த ஆளுக்கு முகம் செதுக்கினார். அசல் அவர் முகம். மூக்குக் கண்ணாடி, கிராப்பு, தோளில் பூணூல், உதட்டில் அந்த அரைச்சிரிப்பு எல்லாம்.

"பூணூல் மாறியிருக்கே?" என்றாள்.

"அசடே, தகட்டுல எல்லாம் இடவலம் மாறித்தான் இருக்கும். காகிதத்துல ஒத்தினா நேராயிடும். படுத்துக்கோ, போ."

அவர் அவளிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான் என்று சௌந்தரவல்லிக்கு அப்போது தெரியவில்லை. பாவி, தெரிந்திருந்தால் படுத்திருப்பாளா!

வியாழக்கிழமை மத்தியானம் இலை போட்டாள். அவர் இடது கையை நீட்டிச் சோற்றில் வைத்தார். தடுமாறவில்லை, யோசிக்கவில்லை. பிறந்தது முதல் அந்தக் கையாலேயே சாப்பிட்டவர் மாதிரி உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டார். பசியா அது! பானையை வழித்துப் போட்டும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை. "வலது கையில அடிபட்டுதா?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு இன்னொரு கவளத்தை உருட்டிப் போட்டுக்கொண்டார். அவருடைய இடது கன்னத்து மச்சம் வலது கன்னத்தில் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பர்வதம் மாமியிடம் போய் ஜாடைமாடையாகச் சொல்லிப் பார்த்தாள்.

"உனக்கு என்னடி ஆச்சு? கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சா ஆம்படையான் மூஞ்சியைப் பாக்கறே?" என்று மாமி விழுந்து விழுந்து சிரித்தாள். அதற்கு மேல் யாரிடம் என்ன சொல்வது?

அவர் ஆபீசுக்குப் போகவில்லை. தகட்டுப் பக்கமும் போகவில்லை. அது துணி மூடி மேஜை மேல் கிடந்தது. முற்றத்தில் போய் நின்றார். மடித் துணி உலர்த்துகிற மூங்கில் கோலை எடுத்து ஊன்றிக்கொண்டு, ஒரு காலில் பாரத்தைப் போட்டு, எங்கோ தூரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட வருவார். சாப்பிட்டுவிட்டுப் போய் நிற்பார். வெள்ளிக்கிழமையும் நின்றார், சனிக்கிழமையும் நின்றார். வீடு முழுக்க ஒரு வாடை பரவியது. முதலில் எண்ணெயும் செம்பும் கலந்த பட்டறை வாடை என்றுதான் நினைத்தாள். நெருங்கி நெருங்கிப் பார்த்தால் அது உப்பும் பாசியும் காய்ந்த மீன்வலையும் கலந்த கடற்கரை வாடை, கடல் எங்கே செங்கல்பட்டு எங்கே, ஆனாலும் பாயைத் தட்டினால் மணல் கொட்டியது, அவர் நின்ற இடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காதுக்குள் அலை வந்து வந்து சரிகிற சத்தம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் நிழலைப் பார்த்தாள்.

வெயில் மேற்கே இறங்கியிருந்தது. கிணற்று நிழல், துளசிமாடத்து நிழல், அவள் நிழல், எல்லாம் கிழக்கே நீண்டு கிடந்தன. அவருடைய நிழல் மட்டும் மேற்கே கிடந்தது. காலையிலும் அங்கேதான் கிடந்தது. அது முழுக் கறுப்பாகவும் இல்லை. கோடு கோடாக இருந்தது. மெல்லிய, பக்கத்தில் பக்கத்தில் இழுத்த கோடுகள். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே சிவப்புச் சிமெண்டுத் தரை தெரிந்தது.

அவள் கால் கட்டைவிரலை அதன் மேல் வைத்தாள்.

தரை கீறியிருந்தது. விரலுக்கு வரிவரியாகத் தட்டுப்பட்டது.

அவர் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தார். அரைச்சிரிப்பு. அது அதற்கு மேல் விரியவும் இல்லை, குறையவும் இல்லை.

இது என் அகத்துக்காரர் இல்லை. பெருமாளே, இது அவர் இல்லை. அவருக்குள்ளே என்னவோ புகுந்துகொண்டு என் மனுஷரை என்னவோ செய்துவிட்டது. அன்று ராத்திரி அவள் கண்ணை மூடவில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் தகட்டின் மேலிருந்த துணியை இழுத்தாள். பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தாள். கோயில். அலை. மணல். அந்த ஆள்.

வாய் திறந்திருந்தது.

அவர் செதுக்கிக் காட்டியபோது உதடு மூடி அரைச்சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்த வாய். இப்போது அகலத் திறந்திருந்தது. கண்ணும் அகன்றிருந்தது. தன் புருஷன் முகத்தைத் திருடி வைத்துக்கொண்டு தன்னைப் பார்த்தே அது கெக்கலிக்கிறது என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. இருக்கு உனக்கு! இரு, பீடையே, இரு!

தகட்டில் தப்பு விழுந்தால் உப்பிலி எப்படி எடுப்பார் என்று பக்கத்தில் உட்கார்ந்து ஆயிரம் தடவை பார்த்தவள் அவள். மூன்று முனைச் சுரண்டியால் கோட்டை வழித்தெடுக்க வேண்டும். பிறகு எண்ணெய் விட்டு, எஃகுக் கோலால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். சுரண்டியை எடுத்தாள். முதலில் அந்த வாயில் வைத்தாள். செம்பு சுருள் சுருளாக வந்தது. வாயை எடுத்தாள், கண்ணை எடுத்தாள், மூக்கை எடுத்தாள். எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். முகம் இருந்த இடம் வழவழவென்று விளக்குப் போலப் பளிச்சிட்டது. இனி முற்றத்தில் நிற்கிற அது போய்விடும், அவர் வந்துவிடுவார்.

"நன்னாத் தேய்ச்சுட்டே."

வாசற்படியில் அது நின்றது. கையில் மூங்கில் கோல். அதே அரைச்சிரிப்பு. குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது.

போகவில்லை. அது போகவே இல்லை. தகட்டைப் பையில் திணித்துக்கொண்டு அதைச் சுற்றி விலகி வெளியே ஓடினாள். அது தடுக்கவில்லை. வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

சுரண்டியும் போகாததைத் தண்ணீராவது கொண்டுபோகட்டும். அது எங்கிருந்து வந்ததோ அந்தக் கடலிலேயே போட்டுத் தொலைத்துவிட வேண்டும். வேறெதுவும் அவளுக்குத் தோன்றவில்லை. திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறி, மடியில் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வழி முழுக்க நாராயணா நாராயணா என்று முணுமுணுத்துக்கொண்டே மகாபலிபுரம் போய்ச் சேர்ந்தாள். கரைக்கோயிலுக்குப் பக்கத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பலம் கொண்ட மட்டும் தகட்டை வீசினாள். ஒரு மின்னு மின்னிவிட்டு முழுகியது. அப்பாடா என்று கரையேறித் தலை நிமிர்ந்தாள்.

தெற்கே, மணலில், தூரத்தில் ஒரு ஆள் நின்றான்.

கரையில் சிப்பிமாலை விற்கிற பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் கைநீட்டி சௌந்தரவல்லியின் ஈரப் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னாம்மா, அந்தாளயா பாத்துகினு கீற? பாக்காத. கன்னியம்மா சொல்றேன் கேளு, இந்தாண்ட திரும்பிக்கோ."

"யார் அது?"

"யாரு கண்டா? எங்க ஆயா காலத்துலேந்து அங்க ஒருத்தன் நின்னுகினு இருந்தான். குடுமி வெச்சவன், கையில கொம்பு. போன வாரம் பாத்தா ஆளு மாறிட்டான். இப்ப கீறது கண்ணாடி போட்ட ஐயரு." கன்னியம்மா குரலைத் தாழ்த்தினாள். "ராவும் பகலும் வாயத் தொறந்து யாரையோ கூப்டுகினே இருந்தாம்மா. சத்தம் வரல. ஆனா கூப்டுறது தெரியுது. இன்னிக்குக் காத்தாலேந்துதான் கூப்புடல. மூஞ்சிய ரெண்டு கையாலயும் தடவிகினே கீறான்."

சௌந்தரவல்லி கன்னியம்மாவைப் பார்த்தாள். பிறகு தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் செம்புத்தூள் இருந்தது.

"ஐயோ," என்றாள். "ஐயோ, ஐயோ."

"போவாதம்மா! போனாலும் அவன் கிட்ட வரமாட்டான்!"

அவள் ஓடினாள். ஈரப் புடவை காலைத் தடுக்கியது. விழுந்து எழுந்து ஓடினாள். கோயில் பின்னால் போயிற்று. கட்டுமரங்கள் பின்னால் போயின. அந்த ஆள் பெரிதாகவில்லை. ஓட முடியாமல் நடந்தாள். சுண்டுவிரல் உயரம். இன்னும் நடந்தாள். மூச்சு வாங்கியது. சுண்டுவிரல் உயரம். வெயில் பிடரியில் அடித்தது. அழுதுகொண்டே நடந்தாள். கூப்பிட்டுக்கொண்டே நடந்தாள்.

கிட்டத்தில் வந்துவிட்டாள்.

சுண்டுவிரல் உயரம்தான்.

அவள் காலடியில், அலை வந்து தொடும் ஈரமணலில் நின்றார். அவருடைய வேட்டி. இடது தோளில் பூணூல், சரியாக. மண்டியிட்டு இரு கையாலும் அள்ளப் பார்த்தாள். விரலுக்கு மணல் வந்தது, ஈரம் வந்தது, அவர் வரவில்லை. மணலைத் தோண்டினாள். தோண்டிய குழிக்கு மேலும் அப்படியே நின்றார்.

"ஏன்னா," என்றாள். "நான்தான். சௌந்தரம்."

அவர் முகத்தைத் தடவிக்கொண்டிருந்த கையைக் கீழே இறக்கினார். சத்தம் வந்த பக்கமாகத் திரும்பி அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்க்கக் கண் இல்லை. கூப்பிட வாய் இல்லை. கிராப்புக்குக் கீழே தாடை வரைக்கும் வழவழவென்று தேய்த்த செம்பு. அதில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது.

அலை வந்து அவர் மேல் ஏறிப் போயிற்று. அவர் நின்றார். மறுபடி வந்தது. அந்த வழவழப்பின் அடியில், வாய் இருந்த இடத்தில், என்னவோ திறக்கப் பார்த்துப் பார்த்துத் துடித்துக்கொண்டே இருந்தது.